தொடுவதற்கு முன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் ஒரு மணிகூட அடிக்காமல் துண்டிக்கிறது. கடிதத்தைத் தடுக்க வழி கிடையாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். தபால் வந்தால் அனுப்பச் சொல்லி அவரிடம் கொடுத்தீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன், உங்கள் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர் இருந்த இடத்தில் ஒன்று. ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்தோம், ஒரே அறையில் படித்தோம், ஒரே நாளில் நர்ஸ் பரீட்சைக்குப் போனோம். நான் பாஸ், நீங்கள் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

முடிவு வந்த அன்று "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி" என்று சொல்லியிருக்கக் கூடாது. அது தப்பு. ஆனால் முழுசாகத் தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஏனென்றால் நான் அப்போதே சொன்னேன்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று அண்ணன் கூப்பிட்டான். எடுத்ததுமே சிரிப்பு. "என்னடி, உங்க அண்ணி பாஸாயிட்டாளாம். நீ வாயே திறக்கலை?" என்கிறான். பின்னால் அம்மா யாருக்கோ அதையே சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. பாப்பா வீடு முழுக்க ஓடுகிறாள். "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்?

நீங்கள் சொன்ன பொய்யில் இப்போது என் கையும் இருக்கிறது. எதற்காகச் சொன்னீர்கள் என்றாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஜனவரி 28

வாயாடிக்கு,

கிழிக்கவில்லை.

முதலில் ஒன்று. "அப்பவே சொன்னேன்" என்பதைப் போல ஒரு மனுஷியை நிற்க வைத்து அறைகிற சொல் வேறு கிடையாது. நீ சொன்னாய், மறுக்கவில்லை. நோயாளி மாதிரி கட்டிலில் படுத்துக்கொண்டு, "அண்ணி, நீங்க யாருன்னே சொல்லலை, நேரா கையைப் பிடிக்கிறீங்க" என்றாய். "பதினஞ்சு வருஷமா எந்த நோயாளியும் என்கிட்ட அடையாள அட்டை கேட்டதில்லடி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பரிசோதகர் சிரிக்கவில்லை. முடிவோடு வந்த குறிப்பை நீதான் பார்த்தாயே. டிரஸ்ஸிங் சரி, ஊசி சரி, மருந்தின் அளவு சரி. தன்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை, அனுமதி கேட்கவில்லை, செய்வதை விளக்கவில்லை. அதற்காக ஃபெயில்.

நாம் வேலை பார்த்த வார்டு உனக்கு மறந்துபோய்விட்டதா? ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருத்தர். "வணக்கம், நான்தான் உங்கள் நர்ஸ், உங்கள் கையைத் தொடலாமா" என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டு போனால், கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது அவருக்கு உடம்பு சில்லிட்டிருக்கும்.

உனக்கு ஊசி போடப் பழக்கியது நான். நீ வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொடுக்க உன் அண்ணன் வார்டுக்கு வந்ததால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. அப்படிப்பட்ட நீ பாஸ், நான் ஃபெயில். தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை விழுங்க என்னால் ஆகாது. அதனால் இந்த ஊருக்கு வந்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. உன்மேல் கோபம் என்று வைத்துக்கொள். எனக்கு அது வசதி.

பொய்யைப் பற்றிக் கேட்டாய். உன் அண்ணன் கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அத்தை பக்கத்தில் இருந்தார்கள். அவர் கேட்பதற்கு முன் பாப்பா முந்திக்கொண்டு "அம்மா பாஸா?" என்றாள். "பாஸ்" என்று வாய் சொல்லிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தெம்பில்லை. மே மாதம் திரும்பவும் போகிறேன். இன்னும் ஒரு வாய்ப்புத்தான், அதுவும் போனால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் பொய் உண்மையாகிவிடும். அதுவரை நீ வாயை மூடிக்கொண்டிரு. உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

போன் வேண்டாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். எழுத்தில் முடியாது.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத்தில்கூடக் குறுக்கே பேச ஆசையாகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு வார்டு கொடுத்துவிட்டார்கள். நீலச் சட்டை, நெஞ்சில் "நர்ஸ்" என்று அட்டை. முதல் நாள் கண்ணாடியில் பார்த்து நானே எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரமே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு பேர் எதிரெதிர்க் கட்டிலில். ஒருத்தர் தன் பேரனைப் பற்றிச் சொல்கிறார், நானும் ஆமாம் போட்டுக்கொண்டே இவருடைய இரத்த அழுத்த மாத்திரையை எதிர்க் கட்டில்காரரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, "என்னம்மா, இன்னைக்குப் புதுசா மஞ்சளா இருக்கே?" என்றார். அவர் மட்டும் கேட்காமல் விழுங்கியிருந்தால்? நானே போய்ப் பொறுப்பு நர்ஸிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லிப்டில் ஏறிக் கதவு மூடியதும் அழுதேன், அடுத்த மாடியில் கதவு திறந்துவிட்டது.

எனக்குப் பேசத் தெரியும், பரீட்சையில் அது போதுமாக இருந்தது. அதைத் தவிர வேறு என்ன தெரியும் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உங்கள் கைக்கு இந்த மாதிரி தப்பு வராது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று. அண்ணன் பட்டறை வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டானாம். பாப்பாவுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கப்போவதாகச் சொல்கிறான். நீங்கள் பாஸானதும் வருவதாகத்தானே பேச்சு, அவளோடு ஏப்ரலிலேயே வருகிறானாம். மே மாதத்துக்கு முன் ஏப்ரல் வரும் அண்ணி.

சனிக்கிழமை எனக்கு லீவு. ரயிலில் வருகிறேன். நான் படுக்கிறேன், நீங்கள் செய்து பழகுங்கள். வரட்டுமா?

உங்கள் நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 20

வாயாடிக்கு,

வராதே. நீ படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஊசி போடத்தான் கை வரும், நிஜ ஊசி.

மாத்திரை விஷயம். உனக்கு வேலை தெரியும். தெரியாத பெண்ணையா அந்த வார்டில் பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் போட அனுப்பினேன்? உன் வியாதி வாய். மாத்திரையைக் கையில் எடுத்தபின் யாரோடும் பேசாதே. பேரன், பேத்தி, வானிலை எதுவும் வேண்டாம். பெயரைக் கேள், பிறந்த தேதியைக் கேள், கையில் கட்டியிருக்கிற பட்டையைப் பார், கொடு, விழுங்கும்வரை நில். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. நீயே போய்ச் சொன்னாய் பார், அது சரி. அதைச் செய்யாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உன் வாயும் என் கையும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் இந்நேரம் அவள் எங்கேயோ போயிருப்பாள்.

இங்கே எனக்கு ஊதாச் சட்டை. நர்ஸுக்கு நீலம். ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு பரீட்சை. காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, வீல்சேரில் உட்கார்த்தி, ஊட்டி, துடைத்து, திரும்பப் படுக்க வைத்து, அதற்குள் இன்னொருத்தருக்கு நனைந்திருக்கும். வேலையைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் யார் கையைப் பிடித்தாலும் என் விரல் தானாக நாடிக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு நீலச்சட்டைக்காரி பார்த்துவிட்டு, "அது உங்க வேலை இல்லை" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சட்டப்படி சரிதான். விரலை எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க அந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிந்தேன்.

உன் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடு கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பொய் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அதைக் காப்பாற்ற தினமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. சமையலறையில் என்னோடு இருக்கிற பெண் "உங்க செருப்புக்கு ஓய்வே கிடையாதா?" என்கிறாள்.

அண்ணி

&nbsp;

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இன்று காலை பள்ளிக்கூட வாசலிலிருந்து கூப்பிட்டான். "ஆபீஸ் ரூமுக்குள்ள போறேன். கையெழுத்துப் போட்டா டி.சி. வந்துடும். உங்க அண்ணி போனை எடுக்கலை, டியூட்டியில இருப்பா. அங்க பாப்பாவுக்கு இடம் உறுதிதானேன்னு நீயாவது சொல்லு" என்றான். இங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அங்கே டி.சி. வாங்கிவிட்டால் திரும்பச் சேர்க்க மாட்டார்களாம். அவளுக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும்.

"போடாதேண்ணா" என்று கத்திவிட்டேன்.

"ஏன்?"

"அண்ணி இன்னும் பாஸாகலை."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்டது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். அப்புறம், "உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"முதல்லேர்ந்தே."

வைத்துவிட்டான்.

உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்ல நேரம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதையும் மீறித்தான் சொல்லியிருப்பேன். என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 14

நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய். இதிலும் நீதான் முந்தினாய். அவர் என் போனை எடுக்கவில்லை.

இனி எழுதாதே.

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் என்னோடும் பேசுவதில்லை. பட்டறையில் போய்க் கேட்டுப் பழைய இடத்திலேயே சேர்ந்துகொண்டான் என்று அம்மா சொன்னார். முதலாளி சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லையாம். அம்மாவோ ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டதால் இப்போது கடைக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். "பாஸாகலைன்னா என்ன, தலையா போயிடும்? அதுக்கு எதுக்குடி பொய் சொல்லணும்? என்னை என்னன்னு நினைச்சா அவ?" என்று என்னிடம் கேட்டார். அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டு கேட்டார்.

பாப்பா போனை வாங்கினாள். "அம்மா பொய் சொல்லுச்சா அத்தை?" என்றாள். "வாய் தவறிடுச்சுடா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு மார்க் கம்மியானா நானும் வாய் தவறலாமா?" என்றாள். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நான் இல்லை.

மாத்திரை கொடுக்கும்போது வாயைத் திறப்பதில்லை. நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டேன். நோயாளிகள்தான், "என்னம்மா, உடம்பு சரியில்லையா? பேச்சே காணோம்?" என்று கவலைப்படுகிறார்கள்.

மே மாதம் நெருங்குகிறது. பரீட்சைக்குப் போகிறீர்களா, ஊருக்கே போகிறீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு வரி போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 17

வாயாடிக்கு,

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது என்று பார்க்கிறாயா? மணிக்கட்டில் கட்டு. நெற்றியில் தையல். பயப்படாதே, எழுதுகிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் குளியலறையில் வழுக்கிவிட்டேன். குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவரைக் கீழே விடக் கூடாது என்று இழுத்துப் பிடித்ததில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், நான் சுவரில் முட்டிக்கொண்டேன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு நர்ஸ் வந்தாள். என் வயசுதான் இருக்கும். திரையை இழுத்தாள். ஒரு சொல் இல்லை. என் சட்டைக் கையைச் சுருட்டினாள், நரம்பைத் தட்டினாள், குத்தினாள். ஒரே குத்து, வலியே தெரியவில்லை. நெற்றியைத் துடைத்தாள், முகத்தின்மேல் ஒரு பச்சைத் துணியைப் போட்டாள். ஒரு பிசகு கிடையாது. என் கை, என் வேகம். பார்த்தால் நான்தான். இவ்வளவு நல்ல வேலைக்காரியிடம் வந்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் துணிக்கு அடியில் நான் ஒரு கையால் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டேனடி. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியவில்லை. ஊசியா, கத்தரியா, மறுபடி துடைக்கப் போகிறாளா? இதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கே தெரியவில்லை. "என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன். "டாக்டர் தையல் போடுவார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது, பிடியை விட்டேன்.

அப்போது என் வார்டில் கிடந்தவர்கள் எல்லாரும் கண்முன் வந்தார்கள் என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். யாரும் வரவில்லை. அவள்மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தப் பரிசோதகர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. உன்மேல் இருந்ததும்.

கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தார். "விழுந்துட்டேன், நெத்தியில தையல்" என்றேன்.

"நிஜமாவே விழுந்தியா?" என்றார்.

அடிபட்ட இடத்தில் இல்லாத வலி அப்போது வந்தது. "நிஜமாத்தான்" என்றேன். எதற்காகப் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். மரியாதை போய்விடும் என்று பயந்தேன், வார்டில் எல்லாரும் என்னைக் கேட்டு வேலை செய்தார்கள், இங்கே நான் தப்பு என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்ததை உங்கள் முன்னால் படிக்க என்னால் முடியவில்லை என்றேன். "திரும்பி வந்துடு" என்றார். "மே மாசம் எழுதிட்டு முடிவு பண்றேன்" என்றேன். பாப்பாவிடமும் பேசினேன். மார்க் விஷயத்துக்குப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும்.

சனிக்கிழமை வா. நீ படு.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே இருந்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு "யாராவது அடித்தார்களா?" என்று கேட்டார். நீங்கள் கட்டுக் கட்டிக் கட்டிப் பிரித்ததில் அப்படிச் சிவந்திருக்கிறது.

அங்கேயே சொன்னால் சண்டை வரும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் பேசுவது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. "வணக்கம். நான் உங்கள் நர்ஸ். தங்கள் இடது கையைத் தொட அனுமதி உண்டா?" இதைக் கேட்டால் நோயாளி பெட்டியை எடுத்துக்கொண்டு நடைமேடைக்குப் போய்விடுவார்.

மனப்பாடம் வேண்டாம் அண்ணி. மத்தியானம் ஒரு தடவை என் கையில் பி.பி. பார்த்துவிட்டு, பரீட்சையை மறந்துபோய், "ஏண்டி இவ்வளவு கூடியிருக்கு? சரியாத் தூங்கறியா? இன்னொரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டீர்களே. அதுதான். அதை இந்த நாட்டுப் பாஷையில் கேளுங்கள். உங்களுக்கு வராதது ஒன்றுமில்லை, வெளி ஆட்களிடம் வருவதில்லை, அவ்வளவுதான்.

நான் கிளம்பும்போது நீங்கள் எனக்கு ரொட்டி சுற்றிக் கொடுத்தீர்கள். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று ரயில் நகர்ந்த பிறகுதான் நினைவு வந்தது. பரவாயில்லை.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மே 24

வாயாடிக்கு,

போய்விட்டு வந்தேன்.

அதற்கு முன் ஒரு கூத்து. நீ சொன்னபடி இங்கே எல்லாரிடமும் கேட்டுப் பழகினேன். அன்று நான் வழுக்கியபோது இழுத்துப் பிடித்தேனே, அந்தப் பெரியவரிடம், "குளிக்கப் போகலாமா? சட்டையைக் கழற்றட்டுமா?" என்றேன். இத்தனை மாதமாக நான் கேட்காமலே கழற்றிய சட்டை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று நீயும் சொல்லித் தரவில்லை, உன் பரீட்சையும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்புறம் எப்பப் போகலாம்?" என்றேன். டி.வி.யைக் காட்டி, "செய்தி முடியட்டும்" என்றார். முடிந்ததும் அவராகவே எழுந்தார். அவர் இத்தனை நாளும் செய்தியைப் பாதியில் விட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பரீட்சை பழைய கட்டிடத்தில்தான். திரைகள், கட்டில்கள், நோயாளியாக நடிக்கிறவர்கள், கையில் பலகையோடு பரிசோதகர்கள். மணி அடித்தால் அடுத்த கட்டில். முதல் இரண்டு கட்டிலும் நன்றாகப் போயின. மூன்றாவதில் காலில் கட்டோடு ஒரு பெண். கட்டு கோணலாக இருந்தது, பார்த்ததும் என் கை போய்விட்டது. பாதி பிரித்த பிறகுதான் வாயே திறக்கவில்லை என்று உறைத்தது. அவ்வளவுதான், போச்சு என்று காதுக்குள் ஒரு இரைச்சல். கையை எடுத்தேன். கட்டை இருந்த மாதிரியே வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, உங்ககிட்ட சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேன். நான் நர்ஸ். இந்தக் கட்டு இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியுது, பிரிச்சுப் பார்க்கலாமா? வலிக்குதா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள். நடிக்கிறவள்தான், அவளுக்கு அங்கே காயமே இல்லை. ஆனாலும் அவள் தோள் இறங்கியது.

பரிசோதகர் எதையோ எழுதினார். வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று நினைத்து நினைத்தே நான் இளைத்துப்போவேன்.

முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரை என் செருப்புக்கு ஓய்வில்லை.

அண்ணி

&nbsp;

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தப் பெரியவரின் டி.வி. செய்தி விஷயத்தை எங்கள் வார்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மாத்திரை கொடுத்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

அண்ணன் கூப்பிட்டான். இத்தனை நாளுக்கு அப்புறம். நலம் விசாரித்துவிட்டு, "முடிவு வந்துடுச்சா?" என்றான். "அண்ணிகிட்டயே கேளேன்" என்றேன். "அவ சொன்னா அது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லு" என்றான். அவனிடம் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோர்ந்துபோயிருக்கிறான்.

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, நான் முந்திக்கொள்ள மாட்டேன். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். சும்மா சொல்லி வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஜூன் 16

வாயாடிக்கு,

பாஸ்.

வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன், அதனால் நீ இரண்டாவது. கோபித்துக்கொள்ளாதே.

துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது முடிவு போனில் வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். பெயர் என்னுடையதுதானா என்று பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கையில் இருந்த போர்வைகளை மடித்து முடித்தேன். கால் தரையில் நிற்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது, அதனால் கைக்கு வேலை தேவைப்பட்டது. அந்த மூன்றாவது கட்டிலுக்கும் பாஸ் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வரியும் இல்லை.

உன் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வேறு மாடி கேட்டிருக்கிறேன். உனக்குக் கீழே வேலை பார்க்கிற அளவுக்கு எனக்கு இன்னும் பெருந்தன்மை வரவில்லை. பழைய அறையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தால் சொல்.

உன் அண்ணனைக் கூப்பிட்டேன். "பாஸ்" என்றேன். அந்தச் சொல்லையே சொல்லக் கூச்சமாக இருந்தது. கூச்சல் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பட்டறை ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு மெதுவாக, "உனக்கு வந்த முடிவை அப்படியே எனக்கும் அனுப்பு" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அந்த அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். கட்டின பெண்டாட்டியிடம் அத்தாட்சி கேட்கிற மனுஷன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் தலையணை உறைகளைப் பார்த்துத் திட்டினேன். திட்டி முடித்ததும் அனுப்பினேன். பெயர், தேதி, முத்திரை எல்லாம் தெரிகிற மாதிரி முழுசாக. அவர் கேட்டதில் தப்பில்லை. கேட்க வைத்தது நான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனதும் அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "பார்த்தேன்" என்றார். "முதலாளிகிட்டயும் காட்டினேன்" என்றார். அத்தையிடம் கொடுத்தார், அத்தை மூக்கை உறிஞ்சினார்கள். பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் அவளிடம் நானே சொல்ல வேண்டுமாம், அவர் சொல்ல மாட்டாராம்.

"அங்க ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நாங்க வந்துடலாமா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றேன்.

அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசினார், அத்தையின் முழங்காலைப் பற்றிப் பேசினார். நடுவில் சம்பந்தமே இல்லாமல் நிறுத்தி, "வரலாம்தானே?" என்றார்.

"வாங்க" என்றேன்.

இனி என்னிடம் எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்பார் போலிருக்கிறது. கேட்கட்டும். இரண்டு தடவையும் சொல்கிறேன்.

அண்ணி